வீட்டிலேயே செய்யும் மல ரத்தப் பரிசோதனைக் கிட்: டெஸ்ட்டாக நல்ல மார்க், பயத்துக்கு மருந்தாக ஃபெயில்

வயிறு ஏதோ சரியில்லை என்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே இந்தக் கிட் திரையில் வந்து நிற்கும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சின்னப் பெட்டி. ஃபீக்கல் இம்யூனோகெமிக்கல் டெஸ்ட், சுருக்கமாக ஃபிட். பல கம்பெனிகள் போடுகின்றன. உள்ளே இருக்கும் சமாச்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இந்த விமர்சனம் எந்த ஒரு பிராண்டைப் பற்றியதும் இல்லை.

இதை வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்காவது வயிற்றைவிடப் பயம்தான் பெரிய தொல்லை. "குடலில் புற்றுநோயோ?" என்ற ஒற்றைக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும். அதனால் இதை இரண்டு விதமாக மதிப்பிட வேண்டியிருக்கிறது. டெஸ்ட் எப்படி? பயத்தோடு இருக்கிறவர் கையில் அது என்ன பாடு படுகிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கே ரத்தம் தெரிகிறது, தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்தச் சோகை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, வயிற்றில் கட்டி தட்டுப்படுகிறது, மலம் கழிக்கும் பழக்கம் மாறி ஆறு வாரமாகியும் பழையபடி திரும்பவில்லை, நெருங்கிய ரத்த உறவில் குடல் புற்றுநோய் இருந்திருக்கிறது: இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கிட் உங்களுக்கு இல்லை. டாக்டரிடம் போங்கள். அவரே லேபில் ஃபிட் எடுக்கச் சொல்லலாம், அது வேறு. வீட்டுக் கிட்டில் நெகட்டிவ் பார்த்துவிட்டு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்வதுதான் இந்தப் பொருளால் வரக்கூடிய பெரிய கெடுதல். ரத்தம் நிறையப் போய்த் தலை சுற்றினாலோ, கடுமையான வலி, வாந்தியோடு காற்றுகூடப் பிரியாமல் இருந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

இனி டெஸ்ட்டுக்கு வருவோம். பழைய குவையாக் அட்டை டெஸ்ட் ரத்தத்தில் இரும்பைத் தாங்கும் ஹீம் என்ற பகுதி செய்யும் ஒரு வேதிவினையைப் பார்க்கும். அதற்கு மனித ரத்தம், மாட்டு ரத்தம் என்ற பேதம் கிடையாது. அதனால் சில நாள் சிவப்பு இறைச்சி சாப்பிடக் கூடாது, வைட்டமின் சி மாத்திரை போடக் கூடாது என்று பத்தியம் இருந்தது. ஃபிட் மனித ஹீமோகுளோபினின் குளோபின் புரதத்தை மட்டும் ஆன்டிபாடி வைத்துப் பிடிக்கிறது. பத்தியம் எதுவும் வேண்டாம். இரைப்பையில் கசிகிற ரத்தத்தின் குளோபின் கீழே வருவதற்குள் பெரும்பாலும் செரித்துவிடும் என்பதால் இது முக்கியமாகப் பெருங்குடலுக்கான டெஸ்ட். அல்சரைக் கண்டுபிடிக்க இதை வாங்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டெஸ்ட்டுக்காக அதை நிறுத்தவும் தேவையில்லை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

பெட்டிக்குள் பொதுவாக இருப்பவை: மலத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு காகிதம், மூடியோடு ஒட்டிய குச்சி உள்ள சின்னக் குப்பி, அலுமினியப் பையில் சீல் செய்த கேசட் (முடிவைக் கோடாகக் காட்டும் பிளாஸ்டிக் தட்டு), குறிப்புத்தாள். குப்பிக்குள் 2 மில்லி அளவுக்குத் திரவம். மலத்தில் கலந்த ரத்தத்தைச் சீக்கிரம் சிதைய விடாமல் பாதுகாப்பது அந்தத் திரவம்தான், அதனால் அதைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க முடியாது. குச்சியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் திருகாணி மாதிரி வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளங்கள் நிரம்பினால் போதும். லேபுக்கு அனுப்பும் குப்பிகளில் அது சுமார் 10 மில்லிகிராம் பிடிக்கும், மிகக் கொஞ்சம்தான். குச்சியைத் திரும்ப உள்ளே செருகும்போது குப்பியின் கழுத்தில் ஒரு இறுக்கம் தெரியும். அதிகப்படியாக ஒட்டியிருப்பதை வழித்து வெளியே தள்ளுவதற்கான வளையம் அது. இது தெரியாமல் "கொஞ்சம் தாராளமாகவே எடுப்போம், அப்போதுதான் சரியாகக் காட்டும்" என்று குச்சி நிறைய அள்ளினால் குப்பி அடைத்துக்கொள்ளும், திரவம் சேறாகிக் கேசட்டில் ஊறாது. இந்த டெஸ்ட் வீணாவதற்கு முக்கியக் காரணமே தாராளம்தான்.

செய்முறை சிக்கல் இல்லை. கேசட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் பை திறக்கும் முன்பே அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். சிறுநீர் முதலில் கழித்துவிடுங்கள். மலம் டாய்லெட் தண்ணீரைத் தொடக் கூடாது, அதில் நீல நிறக் கிளீனர் போட்டிருந்தால் சுத்தமாகவே கூடாது. ரத்தம் மலத்தில் சீராகக் கலந்திருக்காது, ஒரு பக்கம் கோடாக ஒட்டியிருந்து மறுபக்கம் துளியும் இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒரே இடத்தில் குத்தாமல் ஐந்தாறு இடத்தில் மேலாகச் சுரண்டி, குத்தி எடுக்க வேண்டும். குச்சியைச் செருகி, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்கி, குப்பியைச் செங்குத்தாகப் பிடித்துக் கேசட்டின் குழியில் குறிப்புத்தாளில் சொன்ன எண்ணிக்கையில் சொட்டு விடுங்கள். பொதுவாக இரண்டு அல்லது மூன்று. சாய்த்துப் பிடித்தால் காற்றுக்குமிழி சொட்டாக விழுந்து அளவு குறையும்.

மாதவிடாய் நாட்களிலும் அது முடிந்து மூன்று நாள் வரையிலும் செய்யாதீர்கள். மூலமோ ஆசனவாய் வெடிப்போ ரத்தம் கசியும்போதும் அப்படியே. தண்ணீராகப் போகிற நாளில் குச்சி சரியான அளவு பிடிக்காது, மலம் கெட்டியாகும் வரை பொறுக்கலாம்.

இப்போது முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடம். கேசட்டில் சி (கன்ட்ரோல்), டி (டெஸ்ட்) என்று இரண்டு இடம் இருக்கும். சி என்ற இடத்தில் கோடு வந்தால்தான் கேசட் வேலை செய்தது என்று அர்த்தம். சி இல்லாவிட்டால் டி இருந்தாலும் செல்லாது. இரண்டும் வந்தால் பாசிட்டிவ். மங்கலான டி கோடும் பாசிட்டிவ்தான், "லேசாகத்தானே இருக்கிறது" என்று தள்ளக் கூடாது. ஆனால் குறிப்புத்தாளில் சொன்ன நேரத்துக்குள் பார்த்தால்தான் கணக்கு. பல கிட்களில் 5 நிமிடத்தில் பார்க்க வேண்டும், 10 நிமிடம் தாண்டினால் செல்லாது. பயந்தவர் என்ன செய்வார்? ஐந்தாவது நிமிடம் ஒற்றைக் கோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இருபதாவது நிமிடம் திரும்ப எடுத்து, போன் டார்ச்சை அடித்து, போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். கேசட் காய்கிறபோது டி இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விழும். அந்த நிழலுக்கு எந்த அர்த்தமும் இல்லை, ஆனால் அன்றைய தூக்கம் போச்சு. நேரம் ஆனதும் பார்த்துவிட்டு உடனே கட்டிக் குப்பையில் போடுவதுதான் சரி. "காலாவதியான முடிவைப் பார்க்காதே" என்பதைக் கொட்டை எழுத்தில் போடாமல் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிற கிட்களுக்கு இதற்காகவே ஒரு மார்க் குறைக்கலாம்.

எவ்வளவு நம்பலாம்? 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஃபிட் குடல் புற்றுநோயைப் பிடிக்கும் திறனை ஏறக்குறைய 79 சதவீதம் என்றும், நோயில்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்லும் திறனை 94 சதவீதம் என்றும் கணக்கிட்டது. வீட்டுக் கேசட்களில் பிராண்டுக்குப் பிராண்டு ஏற்றத்தாழ்வு அதிகம். லேப் ஃபிட் ஒரு கிராம் மலத்தில் இத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணாகவே தரும், கேசட் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். இங்கிலாந்தில் அறிகுறி உள்ளவர்களுக்கு 10 மைக்ரோகிராம் என்ற தாழ்ந்த அளவையே எல்லையாக வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களில் ஒருவரையும் தவறவிடக் கூடாது. கடையில் வாங்கும் கேசட்டின் எல்லை என்ன என்பது பெட்டியின் மேலே பல சமயம் இருக்காது. வாங்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள், போடவில்லையென்றால் வேறு கிட்.

மேலே சொன்ன சதவீதங்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 1000 பேர், அவர்களில் 5 பேருக்கு உண்மையிலேயே நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் 4 பேரைப் பிடிக்கும், ஒருவரை விட்டுவிடும். நோயில்லாத 995 பேரில் ஏறக்குறைய 60 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக மொத்தம் 64 பாசிட்டிவில் 4 தான் புற்றுநோய். மீதியில் மூலம், வெடிப்பு, அழற்சி, பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி), எதுவுமே இல்லாத சிலர். பாசிட்டிவ் வந்தால் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலுக்குள் பார்ப்பது) செய்ய வேண்டும், ஆனால் உயில் எழுத வேண்டாம் என்பது இந்தக் கணக்கின் சாரம். பாலிப்பை இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிட முடிவது கூடுதல் லாபம்.

இன்னொரு கணக்குதான் பயந்தவர் பார்க்க வேண்டியது. நோயில்லாத ஒருவர் மனசு ஆறவில்லை என்று மாதம் ஒரு கிட் வாங்குகிறார். ஒவ்வொரு டெஸ்ட்டும் தனித்தனி என்று கொண்டால், 12 தடவையும் நெகட்டிவாகவே வர 48 சதவீதம்தான் வாய்ப்பு. அதாவது ஒரு வருஷத்தில் ஒரு பாசிட்டிவாவது வருவதற்குப் பாதிக்கு மேல் சாத்தியம். நிம்மதிக்காக வாங்கிய கிட்டே பயத்துக்கு ஆதாரம் தயாரித்துக் கொடுக்கிறது. நோய் கண்டறியும் திட்டங்களில் இந்த டெஸ்ட்டை ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். கடையில் மூன்று சேர்த்துக் கட்டிய பேக் மலிவாகக் கிடைத்தாலும் ஒன்றையே வாங்குங்கள், மற்ற இரண்டும் அலமாரியில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

பாசிட்டிவ் வந்ததும் உடனே இரண்டாவது கிட்டில் நெகட்டிவ் பார்த்து நிம்மதி அடைவது இதற்கு நேர் எதிரான தப்பு. பாலிப்பும் கட்டியும் விட்டு விட்டுத்தான் ரத்தம் கசியும். இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை அடித்துவிடாது.

சரி, ஒரு நெகட்டிவ் வந்துவிட்டது என்றே வைப்போம். நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கும்? பயம் அதிகமில்லாதவருக்கு நிற்கும். நோய்ப்பயம் ஊறிப்போனவருக்கு நாலைந்து நாள், சில சமயம் அன்று சாயங்காலம் வரை. "சரியான இடத்தில் குத்தினேனா? டெஸ்ட் தவறவிடுகிற அந்த 21 சதவீதத்தில் நான் இருந்தால்?" என்று அடுத்த கேள்வி முளைத்துவிடும். இது சொறியச் சொறிய ஏறும் அரிப்பு. சரிபார்த்ததும் பயம் சட்டென்று இறங்குவதால், அடுத்த முறை பயம் வந்ததும் மூளை அதையே கேட்கும். டெஸ்ட் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் அந்த மனசு கேட்பது நூற்றுக்கு நூறு. எந்த டெஸ்ட்டும் அதைத் தராது.

இதோடு பயமே அறிகுறியை உண்டாக்குகிறது. மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இரைப்பையை மந்தமாக்கி, பெருங்குடலை வேகமாக்கும். மேலே வயிறு உப்புசம், கீழே அவசரம், இளகிய மலம், சில சமயம் வெள்ளைச் சளி. கவனம் வயிற்றிலேயே இருந்தால் சாதாரணமாகத் தெரியாத அசைவும் வலியாகத் தெரியும். தினம் பத்துத் தடவை வயிற்றை அழுத்திப் பார்த்தால் அழுத்தின இடம் வலிக்கத்தான் செய்யும். சந்தேகத்தில் முக்குவதும், டிஷ்யூ வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்தித் துடைப்பதும் ஆசனவாய்த் தோலைப் புண்ணாக்கும். பிறகு டிஷ்யூவில் பளிச்சென்று ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்துக் கிட் வாங்குகிறவர் உண்டு, கிட் பாசிட்டிவாகவும் வரும். அப்படிக் கண்ணால் பார்த்த ரத்தத்தை நீங்களே "துடைத்ததால்தான்" என்று முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் துடைப்பதை மட்டும் இன்றே குறையுங்கள், தண்ணீரால் கழுவி ஒற்றி எடுத்தால் போதும்.

ஆகவே, கிட் வாங்கியே தீர வேண்டும் என்றால் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: நெகட்டிவ் வந்தால் என்ன செய்வேன், பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வேன், அடுத்த டெஸ்ட் எப்போது. மூன்றாவது பதில் "டாக்டர் சொன்னால்" என்று இருக்க வேண்டும். நெகட்டிவ் வந்தும் அறிகுறி தொடர்ந்தால் எந்தத் தேதியில் டாக்டரைப் பார்ப்பேன் என்பதையும் அதே தாளில் போடுங்கள். முதல் கேள்விக்கு "இன்னொரு கிட் வாங்குவேன்" என்று மனசு சொன்னால் இந்தக் கிட்டையும் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்தத் தேதி வரும்வரை பொழுதை ஓட்டுவதற்குக் கிட்டைவிட ஒரு நாலு பத்தி நோட்டு உபயோகம். தேதி, எத்தனை தடவை, பிரிஸ்டல் அட்டவணைப்படி எந்த வகை, கண்ணால் பார்த்த ரத்தம் உண்டா இல்லையா. ராத்திரி ஒரே ஒரு தடவை எழுதினால் போதும். பிரிஸ்டல் அட்டவணை மலத்தை உருண்டை உருண்டையாக இறுகியது 1, வெறும் தண்ணீர் 7 என்று ஏழு வகையாகப் பிரிக்கிறது, 3, 4 நல்லவை. நாளைக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்புக்குள் அடங்கும். ஒரு நாள் பென்சில் மாதிரி மெலிந்து வந்தால் அதற்கு அர்த்தம் கிடையாது, வாரக்கணக்கில் அப்படியே வந்தால் கேட்க வேண்டியது. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். நோட்டில் வலிக்கு மணிக்கு மணி மார்க் போடாதீர்கள், அது சரிபார்க்கும் பழக்கத்துக்கு இன்னொரு பெயர்.

மலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். போட்டோ வேண்டாம். திரும்பப் பார்க்க வேண்டும், தேட வேண்டும் என்று கை துறுதுறுத்தால் "கூடாது" என்று சண்டை போடுவதைவிட "15 நிமிடம் கழித்து" என்று தள்ளுங்கள், சில நாளில் அதை 30 ஆக்குங்கள். பயம் தானாகவே ஏறி இறங்குவதை உடம்பு கற்றுக்கொள்வது அந்தக் காத்திருப்பில்தான். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "ஒண்ணும் இல்லைப்பா, பயப்படாதே" என்று தினம் பத்துத் தடவை சொல்வது இன்னொரு கிட் வாங்கிக் கொடுப்பதற்குச் சமம். "இதுக்கு நேத்தே பதில் சொல்லிட்டேன், டாக்டரைப் பார்க்கிற தேதி நோட்டில இருக்கு, வா, காலாற நடந்துட்டு வரலாம்" என்று சொல்லிப் பழகலாம். முதல் சில நாள் கோபம் வரும்.

இந்தச் சுழற்சி மாதக்கணக்கில் ஓடுகிறது, வேலையும் தூக்கமும் கெடுகிறது என்றால் அதற்கென்றே சிகிச்சை இருக்கிறது: சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்த நோய்ப்பயக்காரர்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில் 5 முதல் 10 அமர்வுகளே நல்ல பலன் தந்தன, 5 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. வயிற்று டாக்டரையும் மனநல ஆலோசகரையும் ஒரே சமயத்தில் பார்ப்பதில் தப்பே இல்லை, ஒன்று முடிந்துதான் மற்றது என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பக்கத்து அலமாரியில் இருக்கும் மற்ற கிட்களைப் பற்றிச் சுருக்கமாக. கால்புரோடெக்டின் டெஸ்ட் குடல் அழற்சியைப் பார்க்கும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி நோய்க்கு வாய்ப்புக் குறைவு, நீண்டகால வயிற்றுப்போக்கில் டாக்டருக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையும், சாதாரணக் குடல் தொற்றும் எண்ணை ஏற்றிவிடும், அதனால் சொந்தமாக வாங்கிப் பார்த்தால் வீண் பயம்தான் மிஞ்சும். மல டிஎன்ஏ டெஸ்ட் 2014 ஆய்வில் புற்றுநோயை 92 சதவீதம் பிடித்தது, அதே ஆய்வில் ஃபிட் 74. பதிலுக்குத் தவறான பாசிட்டிவும் கூடுதல். குடல் பாக்டீரியாப் பட்டியல் போட்டுத் தரும் கிட்கள் எந்த நோயையும் கண்டறியாது. ஐஜிஜி என்ற ஆன்டிபாடியை வைத்து "உங்களுக்கு ஒவ்வாத உணவு" என்று சொல்லும் கிட்களை அலர்ஜி மருத்துவ அமைப்புகளே வேண்டாம் என்கின்றன. பணம் தண்டம்.

மார்க்: ஒரே ஒரு தடவை, அறிகுறி எதுவும் இல்லாத, பரிசோதனை வயதை எட்டியவர் கையில் 5க்கு 4. நிம்மதி வேண்டி வாங்குகிறவர் கையில் 5க்கு 1. பாசிட்டிவ் வந்தவர்கள் டாக்டரிடம் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: குறித்த நேரத்தில் எடுத்த ஒரே ஒரு கேசட் போட்டோ, குறிப்புத்தாள், எடுக்கும் மாத்திரைகளின் பட்டியல், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் என்ற விவரம், அந்த நாலு பத்தி நோட்டு. பயம் அதிகம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டாக்டர் அதை வைத்துத்தான் எந்த டெஸ்ட் எப்போது, எத்தனை தடவை என்று திட்டம் போடுவார்.